புதுப்பிப்பு: காற்று அளக்கும் கருவியும் பாட்டியின் நோட்டும்

முன்பு எழுதியதன் சுருக்கம்: பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எங்கள் தெருக்காரர்களோடு சேர்ந்து வீட்டுச் சுவர்களில் காற்றில் மிதக்கும் நுண்துகளை அளக்கும் சின்ன உணரிகளை மாட்டினார்கள். விடியற்காலையில் எண்கள் தாறுமாறாக எகிறின. தொழிற்சாலைதான் காரணம் என்று அடித்துச் சொல்லியிருந்தேன்.

சரி, அவசரப்பட்டுவிட்டேன். இந்தக் கருவிக்குள் லேசர் ஓடுகிறது. துகளில் பட்டுச் சிதறும் ஒளியை வைத்துத்தான் கணக்கு. காற்றில் ஈரம் ஏறினால் துகள்கள் நீரை உறிஞ்சி உப்பிவிடும், ஒளியும் கூடுதலாகச் சிதறும். மூடுபனியைக்கூடப் புகை என்று காட்டிவிடும்! அதனால் எங்கள் உணரிகளில் இரண்டைக் கழற்றி, தரமான கண்காணிப்பு நிலையக் கருவியின் பக்கத்திலேயே சில வாரம் வைத்து, திருத்தக் கணக்கு போட்டார்கள்.

திருத்தியதும் விடியற்காலை ஏற்றம் பெரும்பாலும் அடங்கியது. நள்ளிரவிலும் ஓர் ஏற்றம் இருந்தது, அது மட்டும் அசையவில்லை. அதன் காரணத்தைப் பிடித்தது ஆய்வாளர்கள் இல்லை, தூக்கம் வராத பக்கத்து வீட்டுப் பாட்டி. லாரிகள் இன்ஜினை அணைக்காமல் வரிசையில் நிற்கும் நேரத்தையெல்லாம் நோட்டில் குறித்து வைத்திருந்தார். வரைபடத்தோடு ஒட்டிப் பார்த்தால் அப்படியே பொருந்துகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பிஎம் 2.5-க்கான (2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் கீழும் உள்ள நுண்துகள்) ஆண்டு வரம்பை கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது. அதோடு ஒப்பிட எங்களுக்கு இன்னும் முழு ஆண்டுத் தரவு சேரவில்லை. 24 மணி நேர வரம்பு 15. அதைப் பல நாள் தாண்டியிருக்கிறோம்.

அப்புறம், இந்தத் தரவு யாருக்குச் சொந்தம் என்றும் முன்பு கேட்டிருந்தேன். வெளியிடும் முன் எங்களிடம் காட்ட வேண்டும் என்று ஆய்வாளர்களிடம் எழுதி வாங்கிவிட்டோம். லாரி நிறுத்தத்தை மாற்றக் கோரும் மனு தயார். இணைப்பில் பாட்டியின் நோட்டு நகலும் போகிறது.