மோட்டார் விளம்பரத்தில் நனைந்த சேலை எதற்கு?

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்):

குறுவைக்கு நாற்று விடும் பருவம் வந்துவிட்டால் தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் செல்லும் சாலை நெடுகிலும் நீர்மூழ்கி மோட்டார் விளம்பரங்கள் முளைத்துவிடுகின்றன. எங்கள் கடைத்தெருவில் நிற்கும் ஒரு பலகையைப் பற்றி இந்த இணைய மன்றத்தில் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன். போர்வெல் குழாயிலிருந்து கொட்டும் தண்ணீரில் நனைந்து, முந்தானையைப் பிழிந்தபடி நிற்கும் ஒரு பெண் அந்தப் பலகையின் முக்கால் பங்கை அடைத்திருக்கிறாள். மோட்டார் வலது கீழ் மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு இருக்கிறது. அதன் குதிரைத்திறன் எழுதப்பட்டுள்ள இடத்தை அவளுடைய பாதம் பாதி மறைத்துவிட்டது.

நான் சொந்தமாகப் பயிர் செய்கிறவள். மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்தாலும் வாய்க்காலில் தண்ணீர் வந்து சேரும்வரை நாற்றங்காலைக் காப்பாற்றுவது போர்வெல்தான். மோட்டார் வாங்கப் போகும்போது, மின்னழுத்தம் குறைந்தால் கம்பிச்சுருள் (காயில்) கருகாமல் தாங்குமா, உள்ளே செம்புக் கம்பியா அலுமினியமா, உதிரிப் பாகம் மன்னார்குடியிலேயே கிடைக்குமா என்றுதான் கேட்போம். இவற்றில் ஒன்றுக்குக்கூட அந்தப் பலகை பதில் சொல்லவில்லை. வாங்குகிறவர் ஆணாகத்தான் இருப்பார் என்றும், அந்த ஆணுக்கும் இதைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது என்றும் அது முடிவு செய்துவிட்டது. இதில் எனக்கு அவமதிப்பு இருப்பதைப் போலவே, ஆண்டு முழுவதும் கடன் கணக்குப் பார்த்து மோட்டார் வாங்கும் என் பங்காளிகளுக்கும் இருக்கிறது.

அரசலாறு (கும்பகோணம்):

அம்மா, வணக்கம். விளம்பரப் பலகை வடிவமைப்பது என் தொழில் என்பதால் மறுபக்கத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பேருந்தில் செல்பவரின் கண் ஒரு பலகையின் மீது நிற்பது சில நொடிகள்தான். அந்த நொடிகளுக்குள் கண்ணை நிறுத்தாத பலகை, எவ்வளவு நல்ல விவரங்களைச் சுமந்திருந்தாலும், வெறும் துணிதான். மனித உருவத்தின் அழகும் கவர்ச்சியும் கண்ணை நிறுத்தும் என்பது இயற்கை. அதைப் பயன்படுத்துவதையே குற்றம் என்று சொல்ல முடியாது. எங்கள் ஊர் நாகேசுவரன் கோயிலின் புறச்சுவர்களில் முற்காலச் சோழச் சிற்பிகள் நிறுத்தி வைத்திருக்கும் ஆண், பெண் உருவங்களை நாள்தோறும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். உடலழகைக் கண்டு கூசுவது நம் மரபு அன்று.

இது ஆண்களை நோக்கி மட்டும் வீசப்படும் வலை என்பதையும் நான் ஏற்கவில்லை. அமெரிக்காவில் 1911-இல் உட்பரி சோப்புக்கு, தொடத் தூண்டும் சருமம் என்ற பொருள்படும் வாசகத்தோடு ஒரு விளம்பரம் வந்தது. பெண்ணின் அருகே ஓர் ஆண் நெருங்கி நிற்கும் படம் அது. அதை எழுதியவர் ஹெலன் லான்ஸ்டவுன் என்ற பெண், வாங்கியவர்களும் பெண்களே. நம் நாட்டில் 1970-களில் வந்த லிரில் சோப்பு விளம்பரத்தில் கேரன் லூனல் பச்சை நீச்சலுடையில் கொடைக்கானல் பாம்பாறு அருவியில் குளித்தார். அந்த அருவியை இன்றும் லிரில் அருவி என்றே பலர் அழைக்கிறார்கள். அந்த சோப்பைப் பெரிதும் வாங்கியவர்கள் குடும்பத் தலைவிகள்தாம்.

குடமுருட்டி (பாபநாசம்):

தம்பி எடுத்த உதாரணத்தையே நானும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது அவர் வாதத்துக்கு எதிராகப் பேசுகிறது. லிரில் விளம்பரத்தை உருவாக்கிய அலீக் பதம்சீ அதன் காரணத்தைப் பின்னாளில் விளக்கியிருக்கிறார்: நாள் முழுவதும் வீட்டு வேலையில் உழலும் பெண்ணுக்குத் தனக்கென்று கிடைப்பது குளியலறையில் கழியும் சில நிமிடங்கள் மட்டுமே, அந்த நேரத்து விடுதலையைத்தான் அருவியாகக் காட்டினோம் என்பது அதன் சாரம். அந்தப் பெண் யாருடைய பார்வைக்காகவும் நிற்கவில்லை. குளிக்கிறாள், மகிழ்கிறாள், கையில் சோப்பு இருக்கிறது. நீடாமங்கலத்துப் பலகையில் இருப்பவளோ தண்ணீரைக்கூடப் பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன், சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

நான் அழகுசாதனக் கடை வைத்திருக்கிறேன். ஆசையைக் காட்டி விற்பதில் எனக்கு மறுப்பில்லை, பெண்களுக்கும் ஆசை உண்டு. ஆனால் ஆணுக்கு விற்கும்போது "இதை வாங்கினால் இவள் உன்னைத் திரும்பிப் பார்ப்பாள்" என்று வாக்குறுதி தருகிறார்கள். பெண்ணுக்கு விற்கும்போது "இதை வாங்காவிட்டால் உன்னை யாரும் பார்க்க மாட்டார்கள்" என்று அச்சுறுத்துகிறார்கள். 1975-இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி முகப்பூச்சு பல்லாண்டுகள் இந்த அச்சத்தின் மீதுதான் நின்றது. அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் போராடியதன் விளைவாக 2003-இல் அதன் விளம்பரம் ஒன்று நிறுத்தப்பட்டது. பெயரில் இருந்த "ஃபேர்" என்ற சொல் 2020-இல்தான் நீங்கியது. திருமணம் நிச்சயமாகாத பெண்ணை அழைத்துக்கொண்டு என் கடைக்கு வரும் தாய்மார்கள், பெண் அருகில் நிற்கும்போதே "இவளுக்கு நிறம் வர என்ன இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். அந்தப் பெண்கள் உடனே தலையைக் குனிந்து கண்ணாடிப் பேழையில் இருக்கும் சீப்புகளைப் பார்ப்பதுபோல் நின்றுவிடுவார்கள். முழுக்க உடுத்திய பெண்ணைக் காட்டிய விளம்பரங்கள்தாம் இதைச் செய்தன. ஆகவே எவ்வளவு துணி உடுத்தியிருக்கிறாள் என்று அளப்பதில் பயனில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2017 டிசம்பரில் ஆணுறை விளம்பரங்களை இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை மட்டுமே ஒளிபரப்ப வேண்டும் என்று தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அறிவுறுத்தியது. காமத்தோடு நேரடித் தொடர்புள்ள, உடல்நலத்துக்கும் தேவையான ஒரு பொருளை நள்ளிரவுக்குத் தள்ளிவிட்டு, எந்தத் தொடர்பும் இல்லாத வாசனைத் தெளிப்பானும் மோட்டாரும் பட்டப்பகலில் அதையே காட்டலாம் என்று விட்டுவைத்திருப்பது எனக்குப் பெரும் முரணாகப் படுகிறது.

கொள்ளிடக்கரை (மயிலாடுதுறை):

வழக்கறிஞராக இருந்தவன் என்ற முறையில் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெண்களை இழிவாகச் சித்திரிப்பதைத் தடுக்கும் சட்டம் 1986-இல் வந்தது. முதல் முறை தண்டிக்கப்படுபவருக்கு இரண்டு ஆண்டுகள் வரை சிறையும் 2,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. அச்சட்டம் பெண் உருவத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறது. நடைமுறையில் அதன் வேகத்தை நம்பி இருக்க முடியாது. 1995-இல் மிலிந்த் சோமனும் மது சப்ரேயும் காலணியும் மலைப்பாம்பும் தவிர வேறொன்றும் அணியாமல் தோன்றிய டஃப் காலணி விளம்பரத்தின் மீது ஆபாச வழக்குத் தொடரப்பட்டது. இருவரும் விடுவிக்கப்பட்டது 2009-இல். மாறாக, 2022 ஜூனில் கூட்டுப் பாலியல் வன்முறையை வேடிக்கையாக்கிய லேயர் ஷாட் வாசனைத் தெளிப்பான் விளம்பரம் மக்கள் கொதித்தெழுந்த சில நாட்களிலேயே அகற்றப்பட்டது. 1985-இல் தொடங்கப்பட்ட இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழுவிடம் எவரும் புகார் அளிக்கலாம். தொலைக்காட்சி விளம்பரமாயின் கேபிள் விதிகள் அக்குழுவின் நெறிகளுக்கு வலுவூட்டுகின்றன.

அரசலாறு அவர்கள் கவர்ச்சி விற்கும் என்று உறுதியாக நம்புகிறார். 2017-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 78 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். கவர்ச்சி விளம்பரம் நினைவில் நிற்கிறது. ஆனால் அதில் வரும் நிறுவனத்தின் பெயர் அதனால் கூடுதலாக நினைவில் நிற்கவில்லை. வாங்கும் எண்ணமும் உயரவில்லை. ஆண்களுக்கு அத்தகைய விளம்பரம் பிடித்திருந்தது, பெண்களுக்குப் பிடிக்கவில்லை. வெண்ணாற்றங்கரை அம்மாவை ஒன்று கேட்கிறேன்: அந்த மோட்டாரின் பெயர் உங்களுக்கு நினைவிருக்கிறதா?

வெண்ணாற்றங்கரை:

இல்லை, ஐயா. எங்கள் ஊரில் எவருக்கும் நினைவில்லை. "நனைஞ்ச சேலை போர்டுக்குப் பக்கத்துல இறங்கு" என்றுதான் பேருந்தில் சொல்கிறார்கள்.

அரசலாறு:

ஆய்வின் முடிவை நான் மறுக்கவில்லை. ஆனால் வேறு ஊர்களில், வேறு பொருள்களில் செய்த ஆய்வு எங்கள் கடைத்தெருவை முழுவதும் அளந்துவிடாது. இன்னொரு நியாயத்தையும் நீங்கள் எல்லோரும் எண்ணிப் பார்க்க வேண்டும். உள்ளாடை விளம்பரங்களில் சட்டையில்லாத ஆண்கள் நிற்கிறார்கள்; 1994-இல் டயட் கோக் விளம்பரத்தில் அலுவலகப் பெண்கள் கூட்டமாக ஜன்னலருகே நின்று ஒரு கட்டடத் தொழிலாளியின் வெற்றுடம்பை ரசித்தார்கள். அவற்றுக்கு எதிராக இங்கே எவரும் விவாத இழை தொடங்கவில்லை. சட்டத்திலும் இடமில்லை என்று ஐயாவே சொல்லிவிட்டார். என்னிடம் வரும் இளைஞர்கள் அந்த ஆறு மடிப்பு (சிக்ஸ் பேக்) வயிற்றைப் பார்த்துத் தங்கள் உடலை வெறுக்கிறார்கள், முகவரியில்லாத புரதப் பொடிகளை வாங்கி விழுங்குகிறார்கள். அளவுகோல் ஒன்றாக இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

குடமுருட்டி:

அந்தக் கேள்வி முழுக்க நியாயமானது, தம்பி. ஆணுக்கும் இப்போது அச்சத்தையே விற்கத் தொடங்கிவிட்டார்கள். 2005-இல் ஆண்களுக்கென்று தனி நிறப்பூச்சு வந்ததும் இதனால்தான். என் கடையில் அதை மறைத்து வாங்கிச் செல்லும் பையன்கள் உண்டு. ஆனால் ஒரு தவறு இருபுறமும் நடக்கிறது என்பதால் அது சரியாகிவிடாது. மேலும், உள்ளாடைக்கு உடல் பொருத்தமானது. மோட்டாருக்கு எப்படிப் பொருந்தும் என்பதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

அரசலாறு:

பொருந்தவில்லை, அதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் பலகைக்குப் பணம் கொடுப்பது நிறுவனம். வடிவம் கோயம்புத்தூரிலிருந்து முடிந்த நிலையில் வருகிறது. உள்ளூர்க் கடைக்காரர் தம் முகவரியை மட்டும் சேர்க்கச் சொல்கிறார். பெண்ணை நீக்கிவிட்டு ஆம்பியர் அட்டவணையைப் போட்டால் அதை ஓடும் பேருந்திலிருந்து எவர் படிப்பார்? மாற்று என்னவென்று சொன்னால் அடுத்த சம்பா பருவத்துக்கு நானே கடைக்காரரிடம் பேசிப் பார்க்கிறேன்.

வெண்ணாற்றங்கரை:

பெண்ணை நீக்கச் சொல்லவில்லை, தம்பி. எங்கள் பகுதியில் மும்முனை மின்சாரம் பல நாட்கள் இரவில்தான் வருகிறது. அப்போது டார்ச் விளக்கோடு வரப்பில் நடந்து போய் ஸ்டார்ட்டரை அழுத்துகிறவர்களில் பெண்கள் எத்தனையோ பேர். அப்படி ஒருத்தியைப் போடுங்கள். அவள் அழகாகவே இருக்கட்டும், அதில் எனக்குத் தடையில்லை. அவள் கை ஸ்டார்ட்டரின் மீது இருக்க வேண்டும். மோட்டாரின் பெயரும் திறனும் பேருந்திலிருந்து படிக்கும் அளவில் இருக்க வேண்டும். குறைந்த மின்னழுத்தத்தைத் தாங்கும் என்றால் அந்த ஒரு வரியும் போதும். வரைந்து முடித்தால் இங்கே பதிவிடுங்கள். கடைக்காரரிடம் நீங்கள் பேசப் போகும்போது நானும் உடன் வருகிறேன், நான் அவருடைய வாடிக்கையாளர்தான்.