பழைய ஆண்ட்ராய்டு டிவி பாக்ஸை வீட்டுக் கணினியாக்கலாமா?

கேள்வி:
டிவி பாக்ஸ் ஒன்று சும்மா கிடக்கிறது. அம்லாஜிக் எஸ்905எக்ஸ் சிப், 2 ஜிபி ராம். தங்கைக்கு ஸ்கூல் ப்ராஜெக்ட் டைப் அடிக்க ஒரு கணினி வேண்டும், புதிதாக வாங்க இப்போது வழியில்லை. இதில் லினக்ஸ் ஓடுமா அண்ணா?

பதில் 1:
தாராளமாக ஓடும் தம்பி. ஆர்ம்பியனை (இந்த மாதிரி சிப்புகளில் ஓடும் லினக்ஸ்) மெமரி கார்டில் எழுதி, அதன் பூட் பகுதியில், அதாவது கணினி தொடங்கத் தேவையான கோப்புகள் இருக்கும் இடத்தில், உள்ள எக்ஸ்ட்லினக்ஸ் கோப்பில் உங்கள் சிப்புக்கான டிடிபி (பாக்ஸின் வன்பொருளை லினக்ஸுக்குச் சொல்லும் கோப்பு) பெயரைச் சரியாகக் கொடுங்கள், இதில் தப்பினால் திரை கறுப்பாகவே நிற்கும். அப்புறம் பாக்ஸின் ஏவி (ஆடியோ-வீடியோ கேபிள் செருகும்) துளைக்குள் பல்குச்சியை விட்டால் உள்ளே ஒரு பட்டன் 'டிக்' என்று அமுங்கும், அதை அழுத்தியபடியே கரண்ட் கொடுங்கள், கார்டிலிருந்து பூட் ஆகும். பெரும்பாலான பாக்ஸ்களில் பட்டன் அங்கேதான் இருக்கிறது. உள் சேமிப்பில் மட்டும் அவசரப்பட்டு நிறுவாதீர்கள். கார்டிலேயே ஓட்டினால், கார்டைக் கழற்றியதும் ஆண்ட்ராய்டு பழையபடி வந்துவிடும்.

பதில் 2:
எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப் போடுங்கள், 2 ஜிபிக்கு அதுதான் தாங்கும். டைப் அடிக்க லிப்ரே ஆபிஸ் நன்றாகவே ஓடுகிறது. பிரவுசரில் நாலைந்து டேபுக்கு மேல் திறந்தால் திணறும், யூடியூப் 1080பி-யில் விட்டுவிட்டு ஓடும், 480-இல் வைத்தால் பரவாயில்லை. தமிழில் டைப் அடிக்க ஐபஸ் எம்17என் என்ற மென்பொருளை நிறுவினால் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும். வைஃபை எடுக்காவிட்டால் லேன் கேபிள் போடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணா. கேபிள்காரர் கொடுத்த பாக்ஸிலும் இதைச் செய்யலாமா?

பதில் 1:
வேண்டாம் தம்பி. அவற்றில் பூட்லோடர் (பாக்ஸைத் தொடங்கி வைக்கும் மென்பொருள்) பெரும்பாலும் வேறு எதையும் ஓட்ட விடாதபடி பூட்டியிருக்கும், பாக்ஸும் பெரும்பாலும் அவர்களுடையதுதான்.