ஆந்தம் விளையாட்டை இஏ பாதியில் விட்டது சரிதானா?

கேள்வி:
2019 பிப்ரவரியில் இஏ (எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ்) நிறுவனத்தின் ஆந்தம் வீடியோ கேம் வந்தபோது பல வருடம் வளரப்போகும் ஆன்லைன் உலகம் என்றுதான் சொன்னார்கள். எடுபடவில்லை. அப்புறம் அதை உருவாக்கிய இஏவின் ஸ்டுடியோவான பயோவேர் அதை அடியோடு மாற்றத் தொடங்கியது, 2021 பிப்ரவரியில் அந்த வேலையும் நின்றுபோனது. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் தேறியிருக்காதா?

பதில் 1:
தேறியிருக்கலாம். ஆனால் மாற்றும் வேலையைத் தொடங்கியது 30 பேர் அளவிலான சின்னக் குழு, அதுவும் கொரோனா காலத்தில் வீட்டிலிருந்தபடி, இன்னொரு பக்கம் பயோவேரின் மற்ற விளையாட்டுகளான டிராகன் ஏஜுக்கும் மாஸ் எஃபெக்டுக்கும் ஆள் தேவைப்பட்டது. ஃபைனல் ஃபேன்டசி 14 என்ற ஆன்லைன் விளையாட்டும் 2010-இல் படுதோல்விதான், அதன் நிறுவனமான ஸ்கொயர் எனிக்ஸ் அதை மூடி, புதிதாகக் கட்டி, 2013-இல் திரும்பக் கொண்டுவந்தது. அந்த அளவுக்கு இறங்க இஏவுக்கு மனசில்லை.

பதில் 2:
நிறுத்தியதுகூடப் பரவாயில்லை. தனியாக விளையாடவும் சர்வர் வேண்டும் என்று வடிவமைத்தார்களே, அதுதான் எனக்குக் கோபம். 2026 ஜனவரி 12-இல் சர்வரை மூடினார்கள், காசு கொடுத்து வாங்கியவர்கள் கையில் எதுவும் மிஞ்சவில்லை. விளையாட்டில் வரும் அந்த ஜாவலின் என்ற பறக்கும் கவசத்தில் பறக்கும் சுகத்துக்காகவே இதைக் காப்பாற்றியிருக்கலாம்!

கேள்வி கேட்டவர்:
கடைசியில் ஒரு ஆஃப்லைன் பதிப்பாவது கொடுத்திருக்கலாமே?

பதில் 1:
சர்வரில் நடக்கிற வேலையை எல்லாம் விளையாட்டுக்குள் கொண்டுவர வேண்டும். மூடும் நேரத்தில் அதற்கு யாரும் செலவு செய்ய மாட்டார்கள், தொடக்கத்திலேயே திட்டமிட்டிருந்தால்தான் உண்டு.