வீதியில் இருந்து வாடகை அறைக்குப் போற குடும்பம்: முதல்ல எதை வாங்கிறது? (திருகோணமலை)

கொட்டியாரம்:
பஸ் ஸ்டாண்ட் பக்கம் படுத்திருந்த ஒரு தாயும் ரெண்டு பிள்ளைகளும் வாற வெள்ளி உப்புவெளியில ஒரு வாடகை அறைக்குப் போறாங்க. அறை 10க்கு 12 அடி, பின்னால சின்னக் குசினி, கதவு அகலம் 2 அடி 6 அங்குலம். உள்ளுக்க ஒரு சாமானும் இல்ல. கையில இருக்கிறது 40,000 ரூபா. பழைய கட்டில், மெத்தை, அலுமாரி, ஃபிரிட்ஜ் தாறம் எண்டு ஆக்கள் சொல்லீற்றாங்க. எதை எடுக்கலாம், எதை விடலாம்?

தும்புத்தடி:
கட்டில் அலுமாரியை ஒரு கிழமை தள்ளிப் போடுங்க. வெள்ளி ராவைக்கு வேணும்கிறது வேற: புதுப் பூட்டு, பாய் 3, தலகணி, பெட்சீற், ஒரு பெரிய நுளம்பு வலை, 9 வாட் பல்ப் 2, மூடியுள்ள வாளி 2, சட்டி 2, அகப்பை, கத்தி, தேங்காய் திருவலை, பீங்கான் 3, சவர்க்காரம், தும்புத்தடி. வலையை வாங்கிக் குடுத்திட்டு, கட்ட ஆணியும் நூல் கயிறும் இல்லாம விட்டிட்டு வாறது வழமை. சீமெந்துச் சுவருக்கு கொங்கிறீட் ஆணி வேணும், மற்றது வளையும். அடிக்க முதல் வீட்டுக்காரரைக் கேளுங்க.

அடுப்பு எதுவெண்டு தாயைக் கேட்டு முடிவெடுங்க. காஸ் எண்டால் 5 கிலோ சிலிண்டர் போதும். அடுப்பு பழசா இருக்கலாம், ஹோஸ் பழசா இருக்கக்கூடாது. வளைவில வெடிச்சிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. புது ஹோஸ், ரெண்டு பக்கமும் கிளிப், பிறகு மூட்டில சவர்க்காரத் தண்ணி. குமிழி வந்தால் பத்த வைக்கவேணாம்.

சாவி13:
மெத்தை பழசு எடுக்கவே வேணாம். எடுத்துத்தான் ஆகவேணுமெண்டால் தையல் ஓரத்தை விரிச்சுப் பாருங்க. மிளகுப் பொட்டு மாதிரிக் கறுப்புப் புள்ளி இருந்தால் மூட்டைப்பூச்சி. வெயில்ல காய வச்சால் போயிடும் எண்டு சொல்லுவாங்க, மேல் பக்கம்தான் சுடும், உள்ளுக்க இருக்கிறது தப்பும். மரக் கட்டிலெண்டால் பொருத்துகளுக்குள்ள கொதிதண்ணி ஊத்தலாம். முட்டை தப்பினால் பத்து நாளுக்குள்ள பொரிக்கும், அதால ரெண்டு கிழமையில இன்னொருக்கா ஊத்துங்க.

4 அடிக் கட்டில் கழட்டினால்தான் அந்தக் கதவுக்குள்ளால போகும். 8 மில்லி போல்டுக்கு 13 நம்பர் சாவி (ஸ்பனர்). கழட்டின போல்ட், நட், வாசரை ஒரு பையில போட்டு தலைமாட்டுப் பலகையில கட்டிவிடுங்க. பட்டாவில (சின்ன லொறியில) கொட்டுண்ட ஒரு நட்டால முழுக் கட்டிலும் ஆடும்.

கட்டில் காலைத் தட்டிப் பாருங்க. மாவாக் கொட்டினால் உளுத்தது, விடுங்க. சிப்போர்ட் (மரத்தூள் பலகை) அலுமாரியும் விடுங்க. மாரியில வெட்டின ஓரம் ஊதி, கீல் ஸ்குரூ பிடிக்காது. இரும்பு அலுமாரி எடுக்கலாம், ஆனா கடற்காத்து அடியில இருந்துதான் தின்னும். துருவைத் தேய்ச்சு, பெயின்ற் அடிச்சு, நாலு காலுக்கும் கல் வச்சு, சுவரில இருந்து ரெண்டு அங்குலம் தள்ளி வையுங்க. பூட்டு வேலை செய்யோணும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கிளினிக் புத்தகம் எல்லாத்தையும் இவ்வளவு நாளும் பைக்குள்ள தூக்கித் திரிஞ்ச ஆளுக்கு மெத்தையை விட பூட்டுற அலுமாரி பெரிசு.

கொட்டியாரம்:
விளங்குது. ஃபிரிட்ஜ்? தாறவர் கட்டாயம் எடுங்க எண்டு நிக்கிறார்.

மீற்றர்க்காரன்:
கணக்குப் பாத்திட்டுச் சொல்லுங்க. பழைய ஃபிரிட்ஜ் நாளுக்கு ஒரு யூனிற், ஒண்டரை யூனிற் இழுக்கும்: மாதம் 30 - 45. 75 வாட் ஃபேன் பத்து மணித்தியாலம் ஓடினால் 22 யூனிற்றுக்கு மேல. மாதம் 60 யூனிற்றைத் தாண்டினால் முதல் யூனிற்றில இருந்தே வேற விலை, நிலையான கட்டணமும் ஏறும். வாடகை அறையில சப் மீற்றர் (வீட்டுக்காரரின்ர மீற்றரில இருந்து பிரிச்சுப் போட்டது) எண்டால் வீட்டுக்காரர் எந்த விலைக்குக் கணக்குப் போடுறார் எண்டதையும் கேளுங்க. ரெண்டு மாதப் பில்லைப் பாத்த பிறகு ஃபிரிட்ஜ் வரட்டும். ஃபேனை முதல்ல குடுங்க.

கேத்தல் வந்தால் பிளக்கைப் பாருங்க. 2000 வாட் கேத்தல் 8.7 அம்பியர் இழுக்கும், பழைய உருண்டை 5 அம்பியர் பிளக் தாங்காது. சதுரத் துளைக்குள்ள பேனையால குத்தி உருண்டைப் பின்னை ஏத்திறதைக் கண்டால் உடன நிப்பாட்டுங்க. 13 அம்பியர் பிளக்ரொப் மாத்திறது பத்து நிமிச வேலை.

தும்புத்தடி:
இன்னொண்டு. 40,000த்தையும் முடிக்காதீங்க. 5,000 தாயின்ர கையில விடுங்க, ரெண்டாம் நாள்தான் வடிதட்டு இல்லை, கதவுக்குச் சீலை இல்லை எண்டு தெரியவரும். சாமான் இறக்கிறதைப் பின்னேரம் 3 மணிக்கு முதல் முடியுங்க. பல்ப் போட முதல் இருட்டினால் வலைக்கு ஆணி அடிக்கேலாது.