ஈஸ்டர் ஆராதனைக்குக் கைமணி: 25 மணிகள், 8 பிள்ளைகள்

ஏற்காடு கீபோர்டு:
வெளிநாட்டில் இருக்கும் ஒரு குடும்பத்தார் எங்கள் சபைக்கு இரண்டு ஸ்தாயிக் கைமணித் தொகுதி ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். தோல்பிடி போட்ட வெண்கல மணிகள், மணிக்கு ஒரு சுரமாக மொத்தம் 25. பெட்டியைத் திறந்த நாளிலிருந்து ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் என்னை விடுவதாக இல்லை. ஒழுங்காகப் பயிற்சிக்கு வரக்கூடியவர்கள் 8 பேர். ஈஸ்டர் அதிகாலையில் கல்லறைத் தோட்டத்தில் ஆராதனை, பிறகு கோயிலுக்குள் திருவிருந்து. இரண்டிலும் மணி ஒலிக்க வேண்டும் என்கிறார் ஆயர்: மேற்கத்திய மெட்டில் ஒரு ஞானப்பாட்டு, மோகன ராகத்தில் ஒரு கீர்த்தனை. நான் கைமணியைத் தொட்டதே இல்லை. எங்கே தொடங்குவது?

அஸ்தம்பட்டி ஆல்ட்டோ:
தம்பி, கல்லறைத் தோட்டத்துக்கு மணிகளைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். சுவரும் கூரையும் இல்லாத இடத்தில் அந்த ஒலி காற்றோடு போய்விடும். காப்பி பூக்கிற மழை வேறு அந்த மாதத்தில் சொல்லாமல் இறங்கும். அங்கே கோயில் கோபுர மணி போதும்.

ஞானப்பாட்டை ஜி மேஜரில் வையுங்கள். இரண்டு ஸ்தாயித் தொகுதி வழக்கமாக ஜி-யில் தொடங்கி ஜி-யில் முடியும். அந்தச் சுருதிக்குத் தேவை 15 மணிகள்தான். கைக்கு ஒன்றாக 8 பேருக்கு அடங்கிவிடும். கைமணி தாளில் எழுதியதைவிட ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும். கீபோர்டில் உங்கள் வலது கை அந்த உயரத்துக்குப் போனால் இரண்டும் முட்டிக்கொள்ளும். நீங்கள் கீழேயே இருங்கள்.

கீர்த்தனையின் மெட்டை மணியில் அடிக்கவே வேண்டாம். இதில் நான் பிடிவாதக்காரி. மோகனத்தில் ரிஷபமும் காந்தாரமும் அசைவோடு வரும். மணிக்கு அசைவு ஏது? பாடுகிறவர் வளைந்து போவார், மணி விறைப்பாக நிற்கும், கேட்கச் சகிக்காது. ஆனால் அந்த ராகத்தின் ஐந்து சுரங்களும் சேர்ந்து ஒலித்தாலும் சண்டை போடாதவை. ஜி-யைச் சட்ஜமாக, அதாவது ஆதார சுரமாக வைத்து ஜி, ஏ, பி, டி, ஈ மணிகள் 11-ஐ மட்டும் பிள்ளைகளிடம் கொடுங்கள். பல்லவிக்கு முன்னால் கணக்கும் தாளமும் இல்லாமல் அவரவர் விருப்பம்போல் ஒலிக்கட்டும். பாட்டு எடுத்ததும் எல்லோரும் மணியைத் தோளில் சாய்த்து அடக்கிவிட வேண்டும். சரணங்களுக்கு நடுவே மறுபடியும் செய்யலாம். ஒரு மாலையில் பழகிவிடுவார்கள். ஞானப்பாட்டுக்குத்தான் வாரக்கணக்கில் உழைக்க வேண்டும்.

மணியின் நாக்கு முன்னும் பின்னும் மட்டுமே ஆடும்; கோணலாகப் பிடித்தால் ஒலி சரியாக வராது. தோளில் துப்பட்டா ஊக்கு வேண்டாம், வெண்கலம் கீறிவிடும். மேசையில் கனமான ஃபோம் விரித்து மேலே துணி போடுங்கள். வாசித்ததும் மென்மையான துணியால் துடைத்துப் பெட்டியில் வையுங்கள். உங்கள் ஊர் ஈரத்துக்கு வெளியே கிடந்தால் கறுத்துவிடும். கறுத்த பிறகு யாராவது பாட்டி குத்துவிளக்கைப் போலப் புளி போட்டுத் தேய்க்கக் கிளம்புவார். விடாதீர்கள்.

செவ்வாய்ப்பேட்டை வாசகன்:
நான் கத்தோலிக்கன். எங்களிடம் பெரிய வியாழன் திருப்பலியில் வானவர் கீதத்தோடு ஓய்கிற மணி, ஈஸ்டருக்கு முந்தின இரவு பாஸ்கா திருவிழிப்பில் அதே கீதம் வரும்வரை வாய் திறக்காது. நடுவில் மரக்கட்டைதான் தட்டுவோம். உங்கள் சபையில் அந்த முறை இருக்காது. இருந்தாலும் ஒரு வாரம் முன்னதாகக் குருத்தோலை ஞாயிறன்றே ஒரு பாட்டு வாசித்துக் காட்டுங்கள் என்று யாராவது கேட்பார்கள். இசைந்துவிடாதீர்கள், மணி முதலில் ஒலிப்பது ஈஸ்டரன்றாகவே இருக்கட்டும்.

ஏற்காடு கீபோர்டு:
நன்றி அக்கா, நன்றி அண்ணா. கல்லறைத் தோட்டம் பற்றி ஆயர் அரைமனதாக ஒத்துக்கொண்டார். ஒரு கவலை: இரண்டு பிள்ளைகள் மலை அடிவாரத்தில் இருக்கிறார்கள். விடியுமுன் 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வர வேண்டும். வராவிட்டால்? கையுறையும் வேண்டுமாமே?

அஸ்தம்பட்டி ஆல்ட்டோ:
கைமணியில் ஆள் வராவிட்டால் அவருடைய சுரமும் வராது. சனிக்கிழமை இரவே யார் வீட்டிலாவது தங்க வையுங்கள். அதற்கும் மேலே, மெட்டுக்கு அதிகம் தேவைப்படாத ஓர மணிகளை அவர்களிடம் கொடுங்கள். கையுறை கட்டாயம், வியர்வை பட்டால் வெண்கலம் மங்கும். பள்ளி அணிவகுப்புக்குப் போடும் வெள்ளைப் பருத்திக் கையுறையே போதும், சேலத்தில் சீருடைக் கடைகளில் கேளுங்கள். பிள்ளைகளின் அளவு பார்த்து வாங்குங்கள், தொளதொளவென்று இருந்தால் மணி நழுவும்.