பச்சக் குழந்தைங்களுக்கு எல்ஈடி போட்டோதெரபி லைட், விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம், நான் மலைப்பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன். பொறந்த குழந்தைக்கு வர்ற மஞ்சள் காமாலைக்கு போட்டோதெரபி, அதாவது நீல வெளிச்சம் காட்டி குடுக்கற சிகிச்சை, அதுக்கு எங்ககிட்ட இருக்கறது பழைய ட்யூப் லைட் மெஷின் ஒண்ணுதான், ட்யூப் ரெண்டு ஓரமும் கருத்துப் போச்சு, பாக்க நல்லா நீலமா எரியுது ஆனா பிலிரூபின் (ரத்தத்துல ஏறி குழந்தைய மஞ்சளாக்குற பொருள்) இறங்கவே மாட்டேங்குது. கண்ணுக்குத் தெரியற வெளிச்சத்த நம்பவே கூடாதுங்க, 460ல இருந்து 490 நானோமீட்டர் அலைநீள ஒளிதான் நல்லா வேலை செய்யும், தீவிர போட்டோதெரபின்னா அந்த ஒளியோட வலு சதுர சென்டிமீட்டருக்கு, நானோமீட்டருக்கு 30 மைக்ரோவாட்டாவது வேணும், அத அளக்கற மீட்டரும் எங்ககிட்ட இல்ல.

பாட்டிமாருங்க காலை வெயில்ல காட்டுனா போதும்ங்கறாங்க. நைஜீரியாவுல லேகோஸ்ல புறஊதாக் கதிர வடிகட்டுற ஃபிலிம் போட்ட கூடாரத்துல வெயிலயே வச்சு சிகிச்சை குடுத்து பாத்திருக்காங்க, 2015ல ஆய்வும் வந்துச்சு, ஆனா அதுல நர்ஸ் பக்கத்துலயே இருந்து குழந்தையோட சூட்டப் பாத்துட்டே இருக்கணும். சும்மா வாசல்ல வச்சுட்டு ஆஸ்பத்திரிக்கு வராம இருந்தா பிலிரூபின் மூளைக்கு ஏறிடும், காதும் கேக்காம போகலாம், அந்த பயம்தான் எனக்கு.

சென்னை ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் தயாரிச்ச பிரில்லியன்ஸ்ங்கற எல்ஈடி லைட்ட யாராச்சும் யூஸ் பண்ணிருக்கீங்களா? வேற கம்பெனினாலும் சரி, இப்ப என்ன விலை, சர்வீஸுக்கு மலைக்கு வருவாங்களா, கரண்ட் போனா இன்வெர்ட்டர்ல ஓடுமா? மீட்டர் ஒரு நாளைக்கு இரவல் தர்றவங்க இருந்தா இன்பாக்ஸ் பண்ணுங்க, நானே வந்து வாங்கிக்கறேன். பயோமெடிக்கல் அண்ணன்மார் யாராவது பாத்தா கொஞ்சம் சீக்கிரம் பதில் போடுங்க ப்ளீஸ்.