ஹாக் கிளைடர்: பிரைமரில் ஊசித்துளை, வாலில் எடைப் பிரச்சினை

வேல்ஸின் கிரேட் ஓர்ம் மலைச்சரிவில் பறக்கவிட, ஹாக் பயிற்சி ஜெட்டின் வடிவில் என்ஜின் இல்லாத ஒரு மாதிரி கிளைடர். இறக்கை நீளம் 1.4 மீட்டர். பால்சா (எடை குறைந்த மரம்) மேல் சதுர மீட்டருக்கு 25 கிராம் கண்ணாடித்துணி, எபாக்ஸி பிசின். பழைய ஏடிஎம் கார்டால் பிசினை அளவுக்கு மீறி வழித்ததில் நெசவுக் கண்கள் நிரம்பவில்லை. பிரைமர் அடித்ததும் ஊசித்துளைகள் பல்லைக் காட்டுகின்றன. மேலே இன்னொரு மெல்லிய எபாக்ஸி பூச்சா, மைக்ரோபலூன் (நுண்ணிய உள்ளீடற்ற மணிகளின் தூள்) கலந்து தேய்ப்பதா, எது எடை குறைவு?

கேட்கக் காரணம் வால். எடை மையத்திலிருந்து வால் 50 செ.மீ., மூக்கு 35 செ.மீ. வாலில் 10 கிராம் ஏறினால் சமநிலைக்கு மூக்கில் 14 கிராம் ஈயம் வேண்டும். ஏற்கெனவே 180 கிராம் திணித்தாச்சு, இனி இடமே இல்லை.

போதாததற்கு, அடிக்கப்போவது ரெட் ஆரோஸ் (பிரிட்டிஷ் விமானப்படையின் சாகசக் குழு) சிவப்பு. சாம்பல் பிரைமர் மேல் அது மங்கும்; அடியில் வெள்ளை அடித்தால் ஒரு கோட் கூடும். பிங்க் பிரைமர் மட்டும் போதுமா? அடித்துப் பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.